வெள்ளிக்கிழமை ஓடிய இன்ஜின்

நான் சரிசெய்து கெடுத்த வண்டி ஒன்று உண்டு. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. கெட்டது வேறு. ஒரு தகப்பனும் மகனும் வெள்ளிக்கிழமை மதியம் பத்து நிமிஷம் வைத்திருந்த ஒரு வழக்கம். அதில் போய் நான் ஸ்பேனரை விட்டுவிட்டேன்.

திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை போகும் ரோட்டில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் நடவும் அறுப்புமாகக் கழித்தவர்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து ஷார்ஜாவுக்குப் போய்ப் பதினொரு வருஷம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். திரும்பி வரும்போது கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரில் செருகினால் என்ன கோளாறு என்று நம்பர் போட்டுச் சொல்லும் கருவி. இன்னொன்று கோபம். அதைக் கொண்டுவருவதற்கு ஏர்போர்ட்டில் எடை போட மாட்டார்கள். 'கம்ப்யூட்டர் முறையில் கார் பரிசோதனை' என்று கடையை விடப் பெரிய போர்டு ஒன்று எழுதி மாட்டினேன். சுற்றுவட்டாரத்தில் ஸ்கேனர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அதை யாராவது மறந்துவிட்டால் நானே ஞாபகப்படுத்துவேன்.

அப்போது எங்கள் பக்கத்தில் கார் பெருகிப்போன காலம். துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று போனவர்கள் வீட்டு வாசலில் ஆளுக்கொரு பெட்ரோல் வண்டி உறை போட்டு நிற்கும். வாங்கியவன் வெளிநாட்டில், ஓட்டத் தெரிந்தவன் எவனும் வீட்டில் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் உறை கழலும். ஏறிப் போனவர்களை விடத் துடைத்து வைத்தவர்கள்தான் அதிகம். அப்படி ஒரு வண்டிதான் இது.

வண்டியின் சொந்தக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், துபாயில் ஒரு கிடங்கில் பொறுப்பாளர். அவருடைய அத்தா எங்கள் கடைத்தெருவில் மளிகைக்கடை நடத்தி ஓய்ந்தவர். ஊரே அவரைப் பெரிய பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பெரிய பாய்க்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் மகனுடைய சமாச்சாரம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை கசங்காமல் வாசலுக்கு வருவார். உறையை மடித்து வைப்பார். சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவார். அதற்குள் துபாயிலிருந்து போன் வந்துவிடும், அங்கேயும் அன்றைக்கு லீவுதானே. இறங்கி வந்து அந்தப் பட்டன் போனை பானட்டின் மேல் வைத்து, "கேக்குதா?" என்பார். "கேக்குது அத்தா" என்று மகன் அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்வார். அப்புறம் ரெண்டு பேரும் பேச மாட்டார்கள். பத்து நிமிஷம் இன்ஜின் பேசும். பிறகு ஆஃப் பண்ணி, துடைத்து, உறை போட்டு மூடுவார். ரெண்டு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லையாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நீங்களும் ஏமாற வேண்டாம்.

லீவுக்கு வந்த மூன்றாம் நாள் மகன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம், ஏதோ சோழியைக் குலுக்குவது போல. அப்புறம் நின்ற இடத்தில் இன்ஜின் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மிதித்தால் இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. மனைவியையும் அம்மாவையும் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார், நாகூர் போக வேண்டும், மாமியார் வீடு, கல்யாணம் ரெண்டு. "முப்பது நாள்தாண்ணே. ரெண்டு நாள் ஏற்கெனவே போச்சு" என்றார்.

ஸ்கேனரைப் போட்டேன். கேம் ஷாஃப்ட் டைமிங் பிந்தி நிற்கிறது என்று நம்பர் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இன்ஜினுக்குள் காற்று வரும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். பழைய வண்டிகளில் அது எப்போதும் ஒரே நேரத்தில்தான் திறக்கும். புது வண்டிகளில் வேகத்துக்குத் தக்கபடி கொஞ்சம் முந்தியும் பிந்தியும் திறக்கும். அப்படி அதைத் திருப்பிவிடுவது இன்ஜின் ஆயில். எப்போது எவ்வளவு ஆயில் விடுவது என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன வால்வு, விரல் தடிமன்தான். வாய்க்கால் மதகு மாதிரி. மேலே தண்ணீர் இருந்தாலும் மதகு திறக்காவிட்டால் வயலுக்கு வராது. மதகு திறந்திருந்தாலும் வாய்க்கால் அடைத்திருந்தால் வராது.

"நீங்க இல்லாதப்ப வண்டிய யாரு எடுப்பா?" என்று கேட்டேன். இது முக்கியமான கேள்வி. டாக்டர் கேட்கும் 'என்ன சாப்பிட்டீர்கள்' மாதிரி.

"யாரும் தொட மாட்டாங்கண்ணே. உறை போட்டபடியே இருக்கும்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, முன் டயரைப் பார்த்தார். டயரில் என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். நான் கெட்டிக்காரன் இல்லையா.

யாரும் தொடாத வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் எலி. அறுப்பு முடிந்தால் வயலில் இருக்கிற எலியெல்லாம் வீட்டுக்கு வரும், நிற்கிற காருக்குள் ஏறி ஒயரைக் கடிக்கும். பானட்டைத் திறந்து தேடினேன். ஒரு மூலையில் ஒரு பிடி நெல் இருந்தது. ஒரு ஒயரில் பல் பட்ட தடம் வேறு. போதாதா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒயரை மாற்றி, எலியைப் பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றி அனுப்பினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் திரும்ப எரிந்தது.

சரி, சென்சார். கேம் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சாரே பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். வண்டியில் எதுவும் பொய் சொல்லலாம், என் முடிவு மட்டும் சொல்லாது. திருச்சியிலிருந்து புது சென்சார் வர மூன்று நாள். போட்டேன். நானே ஓட்டிப் பார்த்தேன். அணைக்கரைப் பாலத்தில் ஏறும்போது விளக்கு எரிந்தது, வேண்டுமென்றே எனக்காகக் காத்திருந்து எரிந்தது மாதிரி. பாலத்து நடுவில் நிறுத்திவிட்டு, அந்த வண்டியைச் செய்த கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் வாயில் போட்டு மென்றேன். அவன் ஜப்பானிலோ கொரியாவிலோ நிம்மதியாக இருந்தான்.

லீவு அதற்குள் பாதியைத் தொட்டுவிட்டது. அவர் அம்மாவை நாகூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார் என்று கேள்விப்பட்டேன். தரங்கம்பாடி தள்ளிப்போனது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். "விளக்கு மட்டும் அணைஞ்சா போதும்ணே, ரொம்ப நோண்ட வேணாம்" என்று ரெண்டு தடவை சொன்னார். ரொம்ப நோண்டாதே என்று ஒரு ஷார்ஜா மெக்கானிக்கிடம் சொல்லலாமா? அன்றைக்கே முடிவு செய்தேன், இதை அடிவரைக்கும் நோண்டுவது என்று.

ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் கேட்கிற கோணம் ஒரு பக்கம், கேம் ஷாஃப்ட் உண்மையில் நிற்கிற கோணம் இன்னொரு பக்கம், ரெண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல வண்டியில் ரெண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். இதில் கம்ப்யூட்டர் இருபது கேட்டால் இது ஐந்தில் நின்று யோசித்தது. ரொம்ப நேரம் கழித்து எட்டுக்கு வந்தது. ஆக ஒயர் சரி, சென்சார் சரி, அவர்கள் ரெண்டு பேரும் பாவம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆயில் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தேன். மூடியின் அடியில் வெளுத்த காபி நிறத்தில் பசை அப்பியிருந்தது. விரலை விட்டால் கேப்பைக் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. சின்ன வால்வைக் கழற்றினேன். அதன் வாயில் இருக்கிற வலை, கொசுவலையை விடப் பொடியான கண், முழுக்க அடைபட்டிருந்தது. இந்த மூடியை முதல் நாளே திறந்திருக்கலாம். அதற்கு ஸ்கேனர் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், கை இருந்தால் போதும். எனக்குக் கை இருந்தது, ஆனால் போர்டும் இருந்தது.

அந்தப் பசை எப்படி வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓடாத வண்டியில் வராது. நன்றாக ஓடுகிற வண்டியிலும் வராது. ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால், உள்ளே ஈரம் வேர்த்து ஆயிலில் கலந்து தங்கிவிடும். ஒரு தடவை ரெண்டு தடவை அல்ல, வருஷக்கணக்காகச் செய்ய வேண்டும். யாரோ இதை விடாமல் செய்திருக்கிறார்கள். மகனோ என் முகத்துக்கு நேரே, யாரும் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறார். நெல்லைக் காட்டி எலியைப் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு ஞாபகம் வந்து உச்சந்தலை வரை சூடேறியது.

கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்துப் பெரிய பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். மகன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறானாம், வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துப் போக வந்தாராம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மாதிரி ஒரு பையில் ஆரஞ்சு வேறு, எனக்கு.

"பாய், வண்டிய யாராச்சும் ஸ்டார்ட் பண்றது உண்டா?" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி போல. உறையை மடிப்பதிலிருந்து ஆரம்பித்து, பானட்டில் போனை வைப்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். மழைக்காலத்தில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு வைப்பாராம். வர வர சத்தம் நன்றாகக் கணீரென்று வருவதாகவும், முதலில் எல்லாம் மகனுக்கு லேசாகத்தான் கேட்குமென்றும், இப்போது ஸ்டார்ட் ஆனதுமே கடகடவென்று கேட்டுவிடுவதாகவும் சொன்னார். ஆயில் மாற்றினீர்களா என்று கேட்டேன். ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் மாற்றணும் என்று சிரித்தார். "நா பாத்துக்கிட்டதாலதான் தம்பி இன்ஜின் இன்னும் உசுரோட இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு ஆரஞ்சை உரித்திருப்பான். எனக்கு ரெண்டு வாரமாக மூக்குடைந்துபோன எரிச்சல். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு அதற்கு மேல். மூடியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டி, பசையை விரலில் வழித்துக் காட்டினேன்.

"இதுதான் பாய் உங்க வெள்ளிக்கிழமை."

காரணத்தையும் விளக்கினேன். ஈரம், வலை, மதகு, வாய்க்கால், எல்லாம். நன்றாக விளக்குவேன் நான். அவர் தலையைக் குனிந்து கேட்டார். கைக்குட்டையை எடுத்து என் விரலை அவரே துடைத்துவிட்டார். பிறகு இன்ஜின் பிழைக்குமா என்று கேட்டார். பிழைக்கும், கழுவி எடுத்துவிடலாம் என்றேன்.

"அப்ப நா இனிமே ஸ்டார்ட் பண்ணாம இருந்தா சரியா இருக்குமா தம்பி?"

"நீங்க தொடாம இருந்தாலே போதும் பாய்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவர் ஆரஞ்சுப் பையை பெஞ்சில் வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரோடு ஏறினார். ஏறி மிதிக்கவில்லை.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. அடியிலிருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி வழித்தேன், வலையைக் கழுவினேன், வால்வைக் கழுவினேன், ரெண்டு தடவை ஆயிலை மாற்றினேன். ஸ்டார்ட் பண்ணினால் ஒரு சத்தம் இல்லை. ஸ்கேனரில் கம்ப்யூட்டர் இருபது கேட்டால் இருபது வந்தது, புதுசாகக் கல்யாணமானவன் மாதிரி கேட்ட உடனே வந்தது. மகன் வந்து எடுத்துப் போனார். பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தரங்கம்பாடிக்குப் போய்வந்தார்கள். கடற்கரையில் அத்தா காரை விட்டு இறங்கவே இல்லை என்று பின்னால் சொன்னார்.

துபாய்க்குக் கிளம்பும் முந்தின நாள் மகன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கி வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்.

"எனக்குத் தெரியும்ணே. போன லீவுலயே சர்வீஸ் சென்டர்ல சொல்லிட்டாங்க, சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நிறுத்தாதீங்கன்னு. நாந்தான் அத்தாகிட்ட சொல்லல."

இன்ஜின் போய்விடுமே என்றேன்.

"போனா வேற இன்ஜின் போட்டுக்குவேன். எங்களுக்கு இங்க ஓட்ட யாருண்ணே இருக்கா? அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அந்தக் கார வாங்கி நிறுத்தியிருக்கேன்." பெஞ்சில் கிடந்த ஸ்பேனரை உருட்டிக்கொண்டே, "சலாம் சொல்லி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டா எங்க அத்தாவுக்கும் எனக்கும் அதுக்கு மேல பேச்சே இருக்காது" என்றார். "இப்ப அவர் சாவிய அலமாரில வச்சிப் பூட்டிட்டாரு."

அவர் போனபிறகு வேலை ஓடவில்லை. எனக்கா இது தெரியாது? ஷார்ஜாவில் இருந்த பதினொரு வருஷமும் எங்கள் தெருக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொல்வேன். ஓடி வருவார், மூச்சு வாங்கும். "ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்பார். அல்லது "நாத்து விட்டாச்சு" என்பார். தண்ணீர் அவருடையதும் இல்லை, நாற்று அவருடையதும் இல்லை. அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது. லைனில் வரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்போம். வைக்க மனசு வராது. அந்த இரைச்சல் ஒரு கோளாறு, ஒயரை மாற்றினால் போய்விடும் என்று எவனாவது ஒரு மெக்கானிக் வந்திருந்தால் அவனை நான் என்ன செய்திருப்பேன்?

மகன் துபாய் திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. உறை கழலவில்லை என்று அந்தத் தெருக்காரர் ஒருவர் சொன்னார். ரெண்டாம் வெள்ளிக்கிழமை போனேன். போகும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன். இன்ஜினை இப்போதுதான் கழுவியிருக்கிறது, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால்தான் நல்லது, நான் வந்து பக்குவமாகப் பண்ணி, ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து விடுகிறேன், நீங்கள் போனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இப்படி. பாதி உண்மை வேறு கலந்திருந்ததால் எனக்கே அது பிடித்திருந்தது.

பெரிய பாய் வாதாடவில்லை. அலமாரியைத் திறந்து சாவியைக் கொடுத்தார். தன் கை படக் கூடாது என்று நினைத்தாரோ என்னமோ, உறையைக் கூட என்னையே எடுக்கச் சொன்னார். நான் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சாவியைச் செருகினேன். அதற்குள் துபாயிலிருந்து போன் வந்துவிட்டது. கதவு சாத்திய சத்தத்தை ஸ்டார்ட் ஆன சத்தம் என்று எடுத்துக்கொண்டாரோ, பழைய பழக்கத்தில் செய்தாரோ, பெரிய பாய் நேரே போய் போனை பானட்டின் மேல் வைத்துவிட்டார்.

"கேக்குதா?"

ஸ்பீக்கரில் மகன் குரல் உடனே வந்தது. "கேக்குது அத்தா. நல்லா கேக்குது."

வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. நான் இன்னும் சாவியைத் திருப்பவே இல்லை.

கையைச் சாவியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். திருப்பலாமா, வேண்டாமா? கண்ணாடி வழியாகப் பெரிய பாயைப் பார்த்தேன். ஒரு கையால் பானட்டின் மேல் இருந்த போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அதன் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தார். தகரம் அதிராமல், சில்லென்றுதான் இருந்திருக்கும். கையை எடுக்கவில்லை. போனில் மகனும் பேசவில்லை. பத்து நிமிஷம் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

பிறகு அவர் போனைக் காதில் வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தார். என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். கதவைத் திறந்தேன்.

"பத்து நிமிஷம் ஆச்சு தம்பி. ஆஃப் பண்ணிடுங்க" என்றார்.

பண்ணிவிட்டேன் என்று சொல்லி, சாவியை உருவி அவர் கையில் கொடுத்தேன்.